பேய்க்கு முன்னால் பேசப்போகிறவனுக்கு

அன்புள்ள தம்பி,

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியைப் பிடித்து, வெள்ளிக்கிழமை ராத்திரிகளில் மோகினி வேடம் கட்டி, பழைய பேய்ப்படங்களைப் போட்டுக் கலாய்க்கப்போவதாக எழுதியிருக்கிறாய். செய். கொஞ்சம் கிறுக்கு இருந்தால்தான் இந்தத் தொழில் ஓடும்.

இதே கிறுக்கு அமெரிக்காவில் முன்பே நடந்தது. 1954-ல் லாஸ் ஏஞ்சலிஸின் கே.ஏ.பி.சி. நிலையம் பின்னிரவில் மலிவுப் படங்களைப் போட்டது. சும்மா போட்டால் யார் விழித்திருப்பார்கள்? மைலா நுர்மி என்ற நடிகை கறுப்பு உடையில் புகைக்குள்ளிருந்து நடந்து வந்து, வீலென்று அலறிவிட்டுப் படத்தை ஆரம்பித்து வைத்தார். வாம்பிரா என்று பெயர். ஓராண்டு அளவில் நிகழ்ச்சி நின்றுபோனது. ஆனால் 1957-ல் பழைய யுனிவர்சல் படங்கள் 52, ஒரே கட்டாக டிவி நிலையங்களுக்கு விற்பனைக்கு வந்ததும் ஊருக்கொரு வாம்பிரா முளைத்தார்கள். சரக்கு மலிவு, பேசுகிற ஆள் அதைவிட மலிவு. கலை அப்புறம்தான் வந்தது.

1988-ல் மினியாபொலிஸில் ஜோயல் ஹாட்ஜ்சன் வேறு வழி பிடித்தார். படம் ஓடும்போதே திரையின் அடியில் ஓர் ஆளும் இரண்டு பொம்மை ரோபோக்களும் நிழலாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். உனக்கு அந்த வழியில்தான் ஆசை என்று தெரிகிறது. நான் வாம்பிரா கட்சி. இடைவெளியில் வா, பேசு, போய்விடு. கொலிசியம் தியேட்டரில் தமிழ்ப்படம் பார்த்தவர்களைக் கேள், நம் ஜனம் கதாநாயகனுக்கு முன்பே வசனம் பேசும். அந்த அறையில் நீயும் மைக் பிடித்தால் யார் பேசுவதும் யார் காதிலும் விழாது. அதோடு, பின்வரிசையிலிருந்து வருகிற ஜோக் உன்னுடையதைவிட நன்றாக இருக்கும். அதற்கு இடம் விடு.

விட்டலாச்சார்யாவின் 'ஜகன்மோகினி'யை (1978) எடுத்துக்கொள். பேய் அடுப்படியில் உட்கார்ந்து, விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்புக்குள் நீட்டிச் சமைக்கும். அங்கே வாயைத் திறக்காதே. எழுதி வைத்த எந்த ஜோக்கும் அந்தக் காலுக்கு ஈடாகாது. ஜனம் சிரித்து ஓயட்டும். அடுத்த இடைவெளியில் வந்து, "கேஸ் தோங் தீர்ந்துபோன வீட்டுக்கு இப்படி ஒரு மருமகள் வேண்டும்" என்று மட்டும் சொல். அதற்கு நீ படத்தை மூன்று நான்கு முறையாவது பார்த்திருக்க வேண்டும். 2003-ல் விஜய் டிவியில் வந்த, படங்களை நையாண்டி செய்த 'லொள்ளு சபா'வை வெறும் நக்கல் என்று நினைக்காதே. ராம்பாலாவும் சந்தானமும் மற்றவர்களும் மூலப்படத்தின் ஒவ்வோர் அசைவையும் மனப்பாடம் பண்ணியவர்கள்போல் இருப்பார்கள். ஆனால் அவர்கள் கைவைத்தது ஓடிய படங்களில், பெரிய நட்சத்திரங்களிடம். நீ கைவைக்கப்போவது மலிவாக எடுத்த படங்களில். அங்கே படம் எடுத்தவனின் காசில்லாமையைப் பார்த்துச் சிரிக்காதே. அட்டை மண்டபத்தை அரண்மனை என்று நம்பச் சொல்லும் அவன் துணிச்சலைப் பார்த்துச் சிரி, அதில் குறையே இருக்காது.

நம்மூர்க் கதையையும் ஒருநாள் பேசு. தமிழில் 'ரம்பையின் காதல்' (1939) எடுத்த பி.என்.ராவ்தான் 1957-ல் மரியா மெனாடோவை வைத்து 'பொந்தியானாக்' எடுத்தார். அடுத்த ஆண்டு எல்.கிருஷ்ணன் 'ஓராங் மின்யாக்' எடுத்தார். மலாய்ப் பேய்களை ஆட்டி வைத்த கைகளில் இந்த இரண்டும் நம் கைகள். 'பொந்தியானாக்' இன்று பார்க்கக் கிடைக்காது. தயாரிப்பாளர் ஹோ ஆ லோக் சுருள்களை ஈய லம்பத்துத் தண்ணீரில் எறிந்துவிட்டார் என்பார்கள். அந்த வரிசையில் மூன்றாவது படமான 'சும்பா பொந்தியானாக்' (1958) தப்பியது.

உள்ளூர்த் தமிழ்ப்படம் எதையாவது போடுவதாக இருந்தால் இயக்குநருக்கு முதலில் போன் பண்ணு. அவர் பக்கத்துத் தாமானில்தான் இருப்பார், நாளைக்கே வாழை இலைக் கடையில் எதிரே உட்காருவார். முன்வரிசையில் நாற்காலி போட்டு, அந்த ரத்தம் எதில் செய்தது, அந்தக் கார் யாருடையது என்று அவரையே சொல்ல வை. உன் வேலை பாதி குறையும்.

சட்டத்துக்கு வருகிறேன், சலிப்பாக இருந்தாலும் படி. 2002-ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டப்படி தணிக்கை வாரியத்தின் (எல்.பி.எஃப்.) அனுமதி இல்லாமல் படம் திரையிடக்கூடாது. உரிமை வைத்திருப்பவரின் கடிதமும் கையில் வேண்டும். யூடியூபில் நிகழ்ச்சியைப் படத்தோடு ஏற்றினால் சேனலே போய்விடலாம். அமெரிக்காவில் ரிஃப்டிராக்ஸ்காரர்கள் 2006-ல் ஒரு தந்திரம் செய்தார்கள்: படத்தைக் காட்டாமல் தங்கள் பேச்சை மட்டும் ஒலிப்பதிவாக விற்றார்கள், பார்க்கிறவர் படத்தை வீட்டில் தானே ஓட்டிக்கொள்வார். யூடியூபுக்கு உனக்கும் அதுதான் சரி. கூடவே பேசும் உன் ஆசையும் அங்கே தீரும்.

நள்ளிரவுக் காட்சி என்று போஸ்டரில் போட்டிருக்கிறாய். அதை மட்டும் மாற்று. கிள்ளானிலிருந்து வருகிறவர்களுக்குக் கடைசி கொமுட்டர் போய்விடும், அப்புறம் கிராப் காசை உன்னிடம்தான் கேட்பார்கள். எட்டு மணிக்கே ஆரம்பி.

அன்புடன்,
அண்ணன்