சவ்வும் மின்சாரமும்: தண்ணீரில் கலந்த மருந்தைப் பிரிக்க முடியுமா?

நஞ்சில்லா உணவு என்றதும் நமக்குப் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லிதான் நினைவுக்கு வருது. மாத்திரை வழியாக நிலத்துக்கு வருகிற நஞ்சைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. விழுங்குகிற மருந்து முழுக்க உடம்புக்குள்ளேயே தீர்ந்துவிடாது. சராசரியாகப் பார்த்தால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சிறுநீரோடு வெளியே வந்துவிடுகிறது என்று சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். மாட்டுக்குப் போடுகிற ஆன்டிபயாடிக் ஊசியும் அப்படித்தான். கணிசமான பகுதி சாணியிலும் கோமியத்திலும் வந்துவிடும். அந்தக் கோமியத்தில்தானே நாம் பஞ்சகவ்யம் போடுகிறோம்?

இது எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு ஐதராபாத் பக்கத்துப் பட்டான்செருவைப் பாருங்க. சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்திகரிக்கிற பொது நிலையம் அங்கே இருக்கிறது. அதிலிருந்து 'சுத்திகரித்து' வெளியே விட்ட நீரை ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் யோக்கிம் லார்சனும் அவருடைய குழுவினரும் சோதித்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். சிப்ரோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்தது. அந்த மருந்தைச் சாப்பிடுகிற நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட இது அதிகம். இப்படிப்பட்ட நீரில் தப்பிப் பிழைக்கிற கிருமிக்கு அந்த மருந்து அப்புறம் வேலை செய்யாது. நாளைக்கு நம்ம பேரனுக்கோ மாட்டுக்கோ காய்ச்சல் வந்தால் கொடுக்க மருந்து இருக்காது என்பதுதான் இதிலுள்ள பயம்.

சரி, கலந்ததைப் பிரிக்க முடியுமா? பல வழிகள் உண்டு. அதில் மின்சாரத்தால் இயங்கும் சவ்வு முறையைப் பற்றித்தான் இந்தப் பாடம். எலக்ட்ரோ டயாலிசிஸ் என்று பெயர். புதிய சங்கதி இல்லை. ஜப்பான்காரர்கள் 1972 முதல் உப்பளத்தை விட்டுவிட்டு, இந்த முறையில்தான் கடல்நீரிலிருந்து சாப்பாட்டு உப்பு எடுக்கிறார்கள். நம் நாட்டில் குஜராத் மாநிலம் பாவ்நகரில் இருக்கிற மத்திய உப்பு ஆராய்ச்சி நிலையம் இந்தச் சவ்வுகளில் பல காலமாக வேலை செய்து வருகிறது.

வேலை செய்கிற விதம் எளிமையானது. ஒரு தொட்டியின் இரண்டு ஓரத்திலும் தகடு. ஒன்று பிளஸ், இன்னொன்று மைனஸ். டி.சி. மின்சாரம் கொடுத்தால் நீரில் கரைந்த உப்பின் அயனிகள் நகரும். சோடியம், பொட்டாசியம், அம்மோனியம் எல்லாம் மைனஸ் பக்கம். குளோரைடு, சல்பேட், பாஸ்பேட் எல்லாம் பிளஸ் பக்கம். நடுவில் இரண்டு வகைச் சவ்வுகளை மாற்றி மாற்றி அடுக்கியிருப்பார்கள். ஒரு வகை பிளஸ் அயனியை மட்டும் விடும், இன்னொரு வகை மைனஸ் அயனியை மட்டும் விடும். வங்கியில் பணம் கட்ட ஒரு கவுண்டர், எடுக்க ஒரு கவுண்டர் என்று இருக்குமே, அது மாதிரி. ஒரு சந்தைத் தாண்டிய அயனி அடுத்த சவ்வில் முட்டி நின்றுவிடும். இதனால் ஒரு சந்தில் உப்பு குறைந்துகொண்டே போகும், பக்கத்துச் சந்தில் சேர்ந்துகொண்டே போகும்.

ஆர்.ஓ.வுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிக்கணும். ஆர்.ஓ. தண்ணீரை அழுத்தித் தள்ளி, மற்றதை எல்லாம் பின்னால் நிறுத்துகிறது. இங்கே தண்ணீர் இருந்த இடத்திலேயே இருக்க, உப்பு மட்டும் வெளியேறுகிறது. இதை மறந்துவிட்டால் மருந்து விஷயத்தில் ஏமாந்துபோவோம். வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் கார்பமாசெபைனுக்கு மின்சுமையே கிடையாது. அது நகராமல் 'நல்ல தண்ணீர்' சந்திலேயே உட்கார்ந்திருக்கும். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் சிறிய மூலக்கூறு, பிளஸ் சுமை உள்ளது, அது நகரும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் இரண்டுக்கும் மைனஸ் சுமை இருந்தாலும் உருவம் பெரிது; சவ்வைத் தாண்டத் திணறும். சிப்ரோஃபிளாக்சசினில் இரண்டு சுமையும் ஒன்றாக இருப்பதால் நடுநிலை நீரில் எந்தப் பக்கமும் போகாது. காரத்தன்மையை மாற்றினால்தான் கிளம்பும். ஆகவே உப்பு போர்வெல் தண்ணீரை இந்த முறையில் நன்னீராக்கி, "மருந்தும் போயிடுச்சு" என்று யாராவது இயந்திரம் விற்க வந்தால் நம்பாதீங்க.

மருந்து பின்தங்குகிற இந்தக் குணத்தையே தலைகீழாகப் பயன்படுத்தினார்கள் சுவிட்சர்லாந்தின் ஈவாக் நீர் ஆராய்ச்சி நிலையத்தார். நமக்குச் சுவாரசியமான இடம் இதுதான். வீட்டுக் கழிவுநீரின் அளவில் சிறுநீர் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அதிலுள்ள தழைச்சத்தில் பெரும்பகுதியும் மணிச்சத்தில் பாதியளவும் சிறுநீரிலிருந்துதான் வருகிறது. லீஸ்டால் ஊர் நூலகத்தின் கழிப்பறையில் சிறுநீரைத் தனியாகப் பிரித்து, இந்தச் சவ்வுகளுக்குள் விட்டார்கள். அம்மோனியம், பொட்டாசியம், பாஸ்பேட் சவ்வைத் தாண்டி அடர் கரைசலாகச் சேர்ந்தன. அதுதான் உரம். மருந்துகளில் பெரும்பகுதி பின்னால் நின்றது. ஒரு சிக்கலும் தெரிந்தது: தொடக்கத்தில் சில மருந்துகள் சவ்விலேயே ஒட்டிக்கொண்டு, சவ்வு நிறைந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மறுபக்கம் கசிந்தன. அதனால் உரக் கரைசலுக்கு ஓசோனும் கொடுத்தார்கள். புதுச் சவ்வில் ஒரு நாள் ஓட்டிக் காட்டும் சோதனையை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இது நல்ல சாட்சி. இன்னொரு விஷயம், யூரியாவுக்கு மின்சுமை இல்லை. சிறுநீரை மூடி வைத்து, யூரியா அம்மோனியமாக மாறிய பிறகுதான் தழைச்சத்து நகரும்.

செலவுக் கணக்குக்கு வருவோம், அது என் பழைய தொழில். 1,000 லிட்டர் நீரில் உப்பை 2,000 மி.கி.யிலிருந்து 500 மி.கி.க்குக் குறைக்க வேண்டும் என்று வைப்போம். எடுக்க வேண்டிய உப்பு ஒன்றரைக் கிலோ. சவ்வு ஜோடிக்கு 1 வோல்ட் என்று போட்டால் சுமார் 0.7 யூனிட் வருகிறது. மோட்டார், இழப்பு எல்லாம் தனி. மின்சாரம் பெரிய பூதம் இல்லீங்க. சவ்வின் விலை, அதில் படியும் சுண்ணாம்பு, அதைக் கழுவுகிற அமிலம், இவைதான் பெரிய செலவு. அதோடு, இந்த முறை மருந்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது, அவ்வளவுதான். ஒரு கணக்கில் எடுத்தால் இன்னொரு கணக்கில் வரவு வைத்தே ஆகணும். மிஞ்சுகிற மருந்து நீரை ஓசோனிலோ தூளாக்கிய கரியிலோதான் முடிக்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் 2016 முதல் பெரிய சுத்திகரிப்பு நிலையங்களுக்கு இந்த இரண்டு வழிகளைத்தான் சேர்த்து வருகிறார்கள்.

ஆகவே தனி உழவர் தோட்டத்தில் வைக்கிற பொருளாக இதை நான் பார்க்கவில்லை. மருத்துவமனை, மருந்து ஆலை, ஊராட்சிப் பொதுக் கழிப்பறை என்று கலக்கிற இடத்திலேயே வைக்க வேண்டியது. ஆற்றில் கலந்த பிறகு பிரிப்பது யாராலும் கட்டுப்படியாகாது. முசிறியில் கழிப்பறைக்குப் போகிறவருக்கே காசு கொடுத்துச் சிறுநீர் சேர்த்தார்கள். அப்படிப்பட்ட இடங்களில் இதைச் சோதித்துப் பார்க்கச் சொல்லி நம் இயக்கம் கேட்கலாம்.

அதுவரை என் தோட்டத்து நடைமுறை இது. மாட்டுக்கு ஊசி போட்டால் தேதியும் மருந்தின் பெயரும் நோட்டில் ஏறும். சிகிச்சை நாட்களிலும், அதற்குப் பிறகு கால்நடை மருத்துவர் பாலை ஒதுக்கச் சொல்லும் நாட்கள் முடிந்து மேலும் ஒரு வாரம் வரையிலும், அந்த மாட்டின் கோமியம் கரைசல் டிரம்முக்குப் போகாது. வேலியோரத்துச் சவுக்குக்குப் போகும். மனிதச் சிறுநீரை ஆறு மாதம் மூடி வைத்தால் கிருமி சாகும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனால் மருந்து அப்படிச் சாகாது. அதனால் அதைக் கீரைப் பாத்திக்கு விடுவதில்லை, தேக்குக்குத்தான். வேறு முறையில் செய்கிற நண்பர்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்கு உங்கள் நோட்டோடு வாங்க.