மட்டையும் முத்திரையும்

கேள்வி: எங்கள் வீட்டில் என்றும் ஒரே கம்பெனியின் கிரிக்கெட் மட்டைதான், என் மகனுக்கும் அதையே வாங்கலாமா?
– வாசகர், எடமலைப்பட்டி புதூர், திருச்சி

பதில்: விசுவாசம் உத்தமமான குணந்தான், ஆயினும், ஒரே மீரத் கம்பெனி காஷ்மீர வில்லோ மரத்திலும் அதனினும் விலையுயர்ந்த ஆங்கில வில்லோவிலும் மட்டை செய்து ஒரே பெயரில் விற்பதாலும், மரம் இயற்கைப் பொருளாகையால் ஒரே ரகத்து இரு மட்டைகள்கூட எடையிலும் துள்ளலிலும் பேதப்படுவதாலும், முத்திரை மட்டும் உத்தரவாதமாகாது. பிள்ளையையே கடைக்கு அழைத்துச் சென்று, கைப்பிடியின் மேற்புறத்தைப் பற்றும் கையால் மட்டும் மட்டையைத் தூக்கச் சொல்லி, சிரமமின்றி எழும்புவதை வாங்குங்கள். பந்தின் விஷயம் வேறு, அதில் முத்திரையையும் பார்க்க வேண்டும்: இந்திய டெஸ்டுகளின் எஸ்.ஜி. பந்துக்கும் இங்கிலாந்தின் டியூக்ஸ் பந்துக்கும் தையலிலும் சுபாவத்திலும் வித்தியாசம் உண்டாதலால், போட்டியில் வழங்கும் பந்தையே பயிற்சிக்கும் கொள்வது விவேகம்.