பெருங்குடற் புற்றுநோயும் நீதிமன்றமும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மலத்தோடு இரத்தம் போகிறதென்று அல்லைப்பிட்டியில் ஒருவர் சொன்னால், வீட்டிலும் சந்தியிலும் உடனே கிடைக்கும் விடை மூலம் என்பதே. வைத்தியரும் விரலிட்டுப் பாராமலும், இரத்தச்சோகைக்குக் காரணம் தேடாமலும், குடலுக்குள் கமரா விட்டுப் பார்க்க அனுப்பாமலும் அந்த விடையையே மாதக்கணக்காக ஏற்றுக் களிம்பு எழுதிக் கொடுத்திருப்பாராயின், பின்னொருநாள் தெல்லிப்பளைப் புற்றுநோய் வைத்தியசாலையில் உண்மை வெளிப்படும்போது குடும்பத்தாருக்கு எழும் கோபம் நியாயமானதே. ஆயினும் நியாயம் கேட்கப் புறப்படுவோரைச் சில நம்பிக்கைகள் வழியிலேயே மறித்துவிடுகின்றன.

நோயாளி இறந்தாலோ குடலில் துவாரம் விழுந்தாலோ அலட்சியம் தானே நிரூபணமாகிவிடும் என்பது ஒன்று. அப்படியன்று. கமராப் பரிசோதனையில் துவாரம் விழுவது, கவனமுள்ள கைகளிலும் அரிதாக நேரும் ஆபத்து. அதன்பின் வயிற்றுவலியும் காய்ச்சலும் கண்ட நோயாளியைப் பாராமல் விடுவதுதான் அலட்சியமாகக் கூடியது.

தவறு நிரூபணமானால் நஷ்டஈடு நிச்சயம் என்ற நம்பிக்கையே எல்லாவற்றிலும் பெரிது. மூளைத்தண்டுக் கட்டியால் இறந்த தம் குழந்தையின் நோயைக் கண்டறியத் தவறியதாகப் பேராசிரியர் பிரியானி சொய்சா மீது தந்தையார் தொடுத்த வழக்கில், மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபாய் விதித்தது. 2001இல் உயர் நீதிமன்றமோ, வைத்தியரின் செயலால்தான் மரணம் நேர்ந்ததென்பது நிரூபிக்கப்படவில்லையென்று அத்தீர்ப்பை நீக்கியது. இதைக் கேட்டு, இலங்கையில் வைத்தியர்மேல் வழக்கே நில்லாது என்று கைகழுவுவோர் உளர். ஆனால் அந்தக் கட்டி, முன்னரே கண்டாலும் பெரும்பாலும் உயிர்கொல்வது. பெருங்குடற் புற்றுநோயோ, குடலை விட்டுப் பரவாத நிலையில் கண்டால் பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேர் ஐந்தாண்டுகளைக் கடப்பதும், ஈரலுக்கோ நுரையீரலுக்கோ பரவியபின் அத்தொகை ஏழில் ஒருவராகச் சுருங்குவதுமான வியாதி. ஆகவே தாமதத்துக்கும் மரணத்துக்குமுள்ள சம்பந்தத்தை இங்கே காட்ட இடமுண்டு. ஆனால் இரண்டு வாரத் தாமதம் அதற்குப் போதாது, ஒன்றரை வருடத் தாமதம் போதக்கூடும். எந்நாளில் நோய் எந்நிலையில் இருந்திருக்கும் என்பதை வேறொரு நிபுணர் சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்லவும் வேண்டும்.

அரசாங்க ஆஸ்பத்திரிமேல் வழக்கிட இயலாதென்பதும் பொய்யே. 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி அரசு தன் ஊழியரின் தவறுக்குப் பொறுப்பேற்கும். சட்டமா அதிபருக்கு ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்தபின் வழக்கிடலாம். மருத்துவச் சபைக்கு முறையிட்டால் பணம் கிடைக்குமென்று காத்திருப்பதும் பிழை. அச்சபை வைத்தியரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கலாம், நஷ்டஈடு அளிக்காது.

அந்தக் காத்திருப்பில்தான் பலருடைய உரிமை மாய்கிறது. 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம் தருவது இரண்டே வருடம். முறைப்பாட்டுக் கடிதங்கள் அதை நிறுத்தமாட்டா. எட்டுச் செலவு, அந்தியேட்டி, ஆண்டுத் திவசம் என்று நாள் போவதையும், துக்கத்தில் ஆஸ்பத்திரித் தாள்களை எரித்துவிடுவதையும் நினைக்கும்போது மனம் பதைக்கிறது. கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் காட், திசுப் பரிசோதனை அறிக்கை, இரத்தம் போவதாக முதன்முதல் சொன்ன நாளில் எழுதப்பட்ட துண்டு: வழக்கின் உயிர் இவற்றிலுள்ள திகதிகளிலேயே இருக்கிறது. வக்கீலுக்குக் கொடுக்க வசதியற்றவர்கள் பண்ணைப் பாலத்தைக் கடந்து யாழ்ப்பாணத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்கு அத்தாள்களோடு முதல் வருடத்திலேயே போகலாம்.