இளங்கன்று தேடும் பாலை மரம்



வீட்டு வாசல் நிலைப்படியில் தலைகீழாகத் தொங்கும் கற்றாழையை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதற்கு மண்ணும் இல்லை, நீரும் இல்லை. ஆயினும் பல மாதங்கள் வாடாமல் பசுமையாக நிற்கிறது. இலைக்குள் சோறு போன்ற சதையில் நீரைச் சேமித்து வைத்திருப்பதே அதன் இரகசியம். இந்தக் கற்றாழை முப்பது அடிக்கும் மேல் உயர்ந்து, ஆள் கட்டிப் பிடிக்க முடியாத அடிமரத்தோடு நின்றால் எப்படி இருக்கும்? கற்பனை அன்று. கற்றாழைக்கு உறவான அத்தகைய மரம் ஒன்று தென்னாப்பிரிக்காவில் உண்டு. ஆனால் அது இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. அது ஏன் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மரமும் அதன் பெயரும்

இம்மரத்தின் தாவரவியற் பெயர் அலோயிடெண்ட்ரான் பில்லான்சி. நெவில் பில்லான்ஸ் என்ற தாவர ஆராய்ச்சியாளர் 1926-ஆம் ஆண்டில் ரிக்டர்ஸ்வெல்ட் என்னும் மலைப்பாலையில், கார்னெல்ஸ்கோப் என்ற குன்றில் இதைக் கண்டார். லூயிஸ் கத்ரி என்ற பெண்மணி 1928-இல் இதை விவரித்து, கண்டவரின் பெயரையே மரத்துக்குச் சூட்டினார். நெடுங்காலம் 'அலோ' என்னும் கற்றாழைப் பேரினத்தில் இருந்த இம்மரம், 2013-இல் 'அலோயிடெண்ட்ரான்' என்ற தனிப் பேரினத்துக்கு மாற்றப்பட்டது. 'டெண்ட்ரான்' என்றால் கிரேக்க மொழியில் மரம் என்று பொருள்.

இதற்கு நெருங்கிய உறவினர் ஒருவர் உண்டு. அதன் பெயர் கோக்கர்பூம், அதாவது அம்பறாத்தூணி மரம். சான் இன வேட்டைக்காரர்கள் அதன் கிளையைக் குடைந்து அம்புகள் வைக்கும் தூணியாகப் பயன்படுத்தினர். நம் கட்டுரையின் நாயகனோ அதைவிட உயரமானது, கிளைகள் குறைவானது, இலைகள் அகலமானது. அதனால் இதை 'இராட்சத அம்பறாத்தூணி மரம்' என்பர். இலைக் கொத்துக்குக் கீழே மஞ்சள் பூங்கொத்துகள் சரிந்து தொங்குவது இதன் தனி அடையாளம்.

பாலையில் வாழும் வகை

ரிக்டர்ஸ்வெல்ட், தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ளது. ஆரஞ்சு நதிக்கு அப்பால் நமீபியா நாடு. இம்மரம் நதியின் இருபுறமும் உள்ள பாறைக் குன்றுகளில் மட்டுமே இயற்கையாக வளர்கிறது. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. அங்கோ பல இடங்களில் பத்து சென்டிமீட்டர்கூடப் பெய்வதில்லை. அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் மூடுபனியின் ஈரமே பல செடிகளுக்கு உயிர்நீர்.

இங்கே வாழ்வதற்குக் கற்றாழைக் குடும்பம் ஒரு வழியைக் கைக்கொண்டுள்ளது. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உட்கொள்கின்றன. அப்போது நீராவியும் வெளியேறி விடுகிறது. கற்றாழை இனங்களோ பகலில் துளைகளை மூடிக்கொண்டு, குளிர்ந்த இரவில் திறக்கின்றன. இரவில் வாங்கிய வாயுவை அமிலமாக மாற்றிச் சேமித்து, மறுநாள் சூரிய ஒளி வந்ததும் அதிலிருந்து உணவு தயாரிக்கின்றன. நம் பள்ளித் தோட்டங்களில் வளரும் ரணகள்ளியும் இதே முறையில்தான் வாழ்கிறது. இதனால் நீர் மிச்சமாகிறது. ஆனால் வளர்ச்சி மிக மெதுவாகிறது. சிக்கனத்துக்கு இம்மரம் கொடுக்கும் விலை காலம்.

சிவப்புப் பட்டியல்

உலகின் உயிரினங்களில் எவை ஆபத்தில் உள்ளன என்பதைப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 'சிவப்புப் பட்டியல்' மூலம் அறிவிக்கிறது. இப்பட்டியல் 1964-இல் தொடங்கப்பட்டது. ஆபத்தில் மூன்று படிகள் உண்டு. முதற்படி, அழியும் வாய்ப்புள்ள இனம். இரண்டாம் படி, அருகிய இனம். மூன்றாம் படி, மிக அருகிய இனம். அதற்கும் அப்பால் இயற்கையில் அற்றுப் போதல்தான்.

இப்படிகள் மனம் போனபடி முடிவு செய்யப்படுவன அல்ல. உதாரணமாக, முதிர்ந்த உயிர்கள் 250-க்கும் குறைந்து, அந்தத் தொகையும் வேகமாகச் சுருங்கி வந்தால் அவ்வினம் மூன்றாம் படிக்குச் செல்லும். மூன்று தலைமுறைக் காலத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு குறைந்தாலும் அப்படியே. நம் மரத்தில் முதிர்ந்தவை 200-க்கும் குறைவு என்று மதிப்பிடப்பட்டு, அது 'மிக அருகிய இனம்' என்று பட்டியலில் சேர்ந்தது. அம்பறாத்தூணி மரம் முதற்படியில் நிற்கிறது.

முதல் வகுப்பில் யாருமில்லை

எண்ணிக்கை மட்டும் முழு உண்மையைச் சொல்லாது. ஒரு பள்ளியை நினைத்துப் பாருங்கள். மேல் வகுப்புகளில் மாணவியர் நிறைந்திருக்கிறார்கள்; முதல் வகுப்பிலோ ஒரு குழந்தையும் இல்லை. இன்று பார்ப்பவருக்குப் பள்ளி கலகலப்பாகத் தோன்றும். பத்தாண்டுகளில் அது காலியாகிவிடும். கார்னெல்ஸ்கோப் குன்றின் நிலை இதைப் போன்றதே. பழைய புகைப்படங்கள் எடுக்கப்பட்ட அதே இடத்தில் நின்று ஆராய்ச்சியாளர்கள் மீண்டும் படம் எடுத்து ஒப்பிட்டனர். பழைய படத்தில் நின்ற மரங்கள் பல புதிய படத்தில் இல்லை. அவற்றின் இடத்தை நிரப்பப் போதிய இளங்கன்றுகளும் இல்லை.

இதற்குக் காரணங்கள் பல:

1. பாலையில் நல்ல மழை எப்போதோ ஒருமுறை வரும். விதை முளைத்தாலும், வேரூன்றும் வரை ஈரமும் நிழலும் தொடர வேண்டும்.

2. தப்பிய கன்றுகளை ஆடுகளும் கழுதைகளும் மேய்கின்றன. பபூன் குரங்குகளும் முள்ளம்பன்றிகளும் மரத்தைச் சேதப்படுத்துகின்றன.

3. அரிய செடிகளைச் சேகரிப்போருக்காகக் கன்றுகள் திருடப்படுகின்றன. பல ஆண்டு வறட்சிக்குப் பின் வந்த ஒரு நல்ல மழையின் பலன் ஒரே நாளில் பறிபோகிறது. மிக அருகியது என்ற செய்தியே சிலருக்கு ஆசையைத் தூண்டுகிறது என்பது வேதனை.

4. சுரங்க வேலைகள் நிலத்தைக் குலைக்கின்றன.

5. வெப்பம் கூடுகிறது. 2007-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, அம்பறாத்தூணி மரங்கள் வெப்பம் மிகுந்த வடபகுதியில் அதிகமாகவும், குளிர்ந்த தென்பகுதியில் குறைவாகவும் மடிந்தன. பறவை வேறிடம் பறந்துவிடும். மரம் எங்கே போகும்?

காப்பவர் யார்?

சைட்டிஸ் எனப்படும் பன்னாட்டு வணிக ஒப்பந்தம் 1975-இல் நடைமுறைக்கு வந்தது. இம்மரம் அதன் முதலாம் அட்டவணையில் உள்ளது. காட்டில் வளர்ந்த மரத்தையோ கன்றையோ எடுத்து வணிகத்துக்காக வெளிநாடு அனுப்பக் கூடாது என்பது இதன் பொருள். நம் வீட்டுச் சோற்றுக் கற்றாழைக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

1991-இல் ரிக்டர்ஸ்வெல்ட் தேசியப் பூங்கா அமைந்தது. 2003-இல் நமீபியப் பகுதியும் அதனோடு இணைந்து எல்லை கடந்த பூங்காவாயிற்று. 2007-இல் யுனெஸ்கோ நிறுவனம் ரிக்டர்ஸ்வெல்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அந்த நிலத்தின் உரிமையாளர்கள் நாமா என்னும் மேய்ச்சல் மக்கள். பாய்களால் வேய்ந்த வீட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு, பருவத்துக்கேற்ப இடம் மாறுவது அவர்கள் வழக்கம். வைரம் கிடைத்ததால் பறிக்கப்பட்ட நிலத்தில் இவர்களுக்கு உரிமை உண்டு என்று 2003-இல் தென்னாப்பிரிக்க அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆடு மேய்ப்பவரைக் குற்றவாளி என்று ஒதுக்கினால் மரம் பிழைக்காது. எந்தக் குன்றில், எந்தப் பருவத்தில் மேய்ப்பது என்பதை அவர்களோடு கூடி முடிவு செய்தால்தான் பிழைக்கும்.

நாம் செய்யக்கூடியது

மாணவிகளே! தொலைதூர மரத்துக்கு நாம் என்ன செய்ய முடியும் என்று எண்ணாதீர்கள். அழகுச் செடி வாங்கும்போது, 'இது விதையிலிருந்து வளர்த்ததா, காட்டிலிருந்து பிடுங்கியதா?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். வாங்குபவர் இல்லையேல் திருடுபவரும் இல்லை.

இன்னொன்றும் செய்யலாம். உங்கள் ஊரில் ஒரு பழைய மரத்தைத் தேர்ந்தெடுத்து, ஆண்டுதோறும் அதே இடத்தில் நின்று ஒரு புகைப்படம் எடுங்கள். அதன் நிழலைப் புகழ்வதோடு நில்லாமல், சுற்றிலும் அதன் இளங்கன்றுகள் எத்தனை என்று குனிந்து எண்ணுங்கள். ஓங்கி நிற்கும் மரத்தை எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். அதன் நாளைய வாழ்வோ நம் காலடியில், விரல் நீளக் கன்றாக நிற்கிறது.