தாத்தா உலகக் கோடீஸ்வரர், பேரனைக் காப்பாற்ற மட்டும் பணம் இல்லை: ஒரு கடத்தல் படம் சொல்லும் 4 பணப் பாடங்கள்



போன வீடியோவில் ‘ஆல் தி மணி இன் தி வேர்ல்ட்’ படத்தைப் பற்றி ஒரே ஒரு நிமிஷம் பேசினேன். இன்னைக்கு அதைக் கொஞ்சம் விரிவாப் பார்ப்போம். ரிட்லி ஸ்காட் இயக்கி 2017ல் வந்த த்ரில்லர். முடிவு வரைக்கும் சொல்லப் போறேன், அதனால் படம் பார்க்காதவங்க பார்த்துட்டு வந்தும் படிக்கலாம்.

முதல்ல நிஜமா நடந்தது என்னன்னு பார்த்துடுவோம்.

ஜே. பால் கெட்டி ஒரு அமெரிக்க எண்ணெய் முதலாளி. 1957லேயே ஃபார்ச்சூன் பத்திரிகை அவரை அமெரிக்காவின் மிகப் பெரிய பணக்காரர் என்று எழுதியது. ஆனா மனுஷன் படு கறார். இங்கிலாந்தில் அவர் இருந்த மாளிகையில் விருந்தாளிகள் பேச, காசு போட்டுப் பேசுற ஃபோன் வைத்திருந்தார்.

1973 ஜூலையில் ரோம் நகரத்தில் அவருடைய 16 வயதுப் பேரன் பாலைக் கடத்திட்டாங்க. கேட்ட தொகை 1 கோடியே 70 லட்சம் டாலர். தாத்தா முடியாது என்றார். எனக்கு 14 பேரக் குழந்தைகள், இன்னைக்கு ஒரு காசு கொடுத்தா நாளைக்கு 14 பேரையும் கடத்துவாங்க என்பது அவர் சொன்ன காரணம்.

மாதங்கள் ஓடின. நவம்பரில் ரோமில் ஒரு பத்திரிகை ஆபீஸுக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே பையனுடைய காது. தபால் ஸ்ட்ரைக் காரணமா அந்தப் பார்சலே சில வாரம் தாமதம். அதுக்கப்புறம்தான் பேரம் சூடு பிடிச்சு, சுமார் 30 லட்சம் டாலரில் முடிந்தது. டிசம்பர் 15ம் தேதி பையன் விடுதலை.

சரி, ஒரு கேள்வி. கெட்டி சொன்னது தப்பா?

அவசரப்பட்டு ‘ஆமா’ சொல்லாதீங்க. 1970களில் இத்தாலியில் ஆள் கடத்தல் ஒரு தொழிலாவே நடந்தது. கொடுக்கக் கொடுக்க அது வளரும் என்பது உண்மைதான். 1991ல் இத்தாலி அரசே, யாராவது கடத்தப்பட்டா அந்தக் குடும்பத்தின் சொத்தை முடக்கி வைக்கச் சட்டம் கொண்டு வந்தது. அதனால் ‘கொடுக்க மாட்டேன்’ என்ற கொள்கையில் நியாயம் இருக்கு. ஆனா கெட்டி கடைசியில் கொடுத்தார். அஞ்சு மாசம் கழிச்சு, ஒரு காது போன பிறகு கொடுத்தார். கணக்குப்படி பார்த்தா 1 கோடியே 40 லட்சம் டாலர் மிச்சம். அந்த மிச்சத்துக்கான விலையைக் கட்டினது யாருன்னு யோசிச்சுப் பாருங்க.

இப்போ நம்ம பாடத்துக்கு வருவோம்.

பாடம் 1: சொத்து வேற, கைக்காசு வேற

கெட்டி குடும்பப் பணத்தில் பெரும்பகுதி ஒரு டிரஸ்டில் இருந்தது. 1934ல் கெட்டியின் அம்மா சாரா ஆரம்பித்தது. மகன் ரிஸ்க் எடுத்து எல்லாத்தையும் விட்டுடுவானோ என்ற பயம் அவருக்கு. மூலதனத்தில் கை வைக்க முடியாதபடி அமைத்தார். சொத்து வளர்ந்துகிட்டே போச்சு, எடுக்கும் வழி மட்டும் சுருங்கிப் போச்சு.

இது கோடீஸ்வரன் பிரச்சினைன்னு நினைக்காதீங்க. எனக்கே நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி அம்மாவுக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில் 80,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டச் சொன்னாங்க. என் மொபைல் ஆப் 6 லட்சம் காட்டுது. பிபிஎஃப் 15 வருஷக் கணக்கு, வரிச் சேமிப்பு ஃபண்டில் 3 வருஷம் லாக்-இன், மீதி ஃபண்டை வித்தாலும் பணம் வர அடுத்த வாரம் ஆகும். சேவிங்ஸ் அக்கவுண்டில் இருந்தது 11,000. ராத்திரி 2 மணிக்கு ஆபீஸ் நண்பனை எழுப்பிக் கடன் கேட்டேன். அம்மா இப்போ நல்லா இருக்காங்க. ஆனா அன்னைக்கு அந்த 6 லட்சத்தைப் பார்த்து எனக்கு வந்த கோபம் இன்னும் மறக்கல.

அதனால் ஆறு மாசச் செலவுக்கான தொகையைத் தனியா வையுங்க. சம்பளத்தை இல்லை, செலவைக் கணக்குப் போடுங்க. ஒரு மாசத் தொகை சேவிங்ஸில் இருக்கட்டும். மீதியை ஆன்லைனில் உடைக்கக்கூடிய எஃப்டியிலும் லிக்விட் ஃபண்டிலும் பிரிச்சுப் போடலாம். லிக்விட் ஃபண்டில் உடனடியா எடுக்கும் வசதி ஒரு நாளைக்கு 50,000 ரூபாய் வரைதான், அதையும் ஞாபகம் வையுங்க.

பாடம் 2: வாங்க ஆள் வரும் வரை அது விலை இல்லை

படத்தில் ஒரு காட்சி. தாத்தா சின்ன வயசில் பேரனுக்கு ஒரு பழங்காலச் சிலையைக் கொடுத்து, பல லட்சம் டாலர் பெறும்னு சொல்லியிருப்பார். பையனை மீட்கப் பணம் தேடி அலையும் அம்மா கெய்ல், அதை விற்கக் கொண்டு போவாங்க. மியூசியம் கடையில் விக்கிற சாதாரண நினைவுப் பொருள் அதுன்னு அப்போதான் தெரியும்.

நம்ம வீட்லயும் இப்படிச் சிலைகள் உண்டு. “அந்த மனை இன்னைக்கு 40 லட்சம் போகும்” என்று மாமா சொல்வார். அவசரத்துக்கு வித்தா எத்தனை நாளில், எவ்வளவுக்குப் போகும்? நெட் வொர்த் போடும்போது அந்தத் தொகையை எழுதுங்க, மாமா சொன்னதை எழுதாதீங்க.

பாடம் 3: வரியை மட்டும் பார்த்து முடிவு எடுக்காதீங்க

கெட்டி தன் கையிலிருந்து கொடுத்தது 22 லட்சம் டாலர். ஏன் சரியா 22? அவ்வளவுதான் வருமான வரியில் கழிக்க முடியும்! மீதியைத் தன் மகனுக்கு, அதாவது பையனுடைய அப்பாவுக்கு, 4 சதவீத வட்டிக்குக் கடனாகக் கொடுத்தார்.

சிரிப்பு வருதா? மார்ச் மாசம் நம்ம ஆபீஸைப் பாருங்க. பழைய வரி முறையில், 30 சதவீத வரம்பில் இருக்கிற ஒருத்தர் 80சி கழிவுக்காக 50,000 ரூபாய் பிரீமியத்தில் 20 வருஷ எண்டோமென்ட் பாலிசி எடுக்கிறார். செஸ் சேர்த்து 15,600 ரூபாய் வரி மிச்சம். நாளைக்கே அவர் புதிய வரி முறைக்கு மாறினா அந்தக் கழிவு கிடையாது. பிரீமியம் மட்டும் வருஷா வருஷம் வந்து நிக்கும். வரிச் சலுகையே இல்லைன்னாலும் இதை வாங்குவேனா? இந்தக் கேள்விக்கு ‘ஆமா’ வந்தால் மட்டும் கையெழுத்து போடுங்க.

பாடம் 4: சம்பளம் பேசும்போது கூச்சம் வேண்டாம்

இது படத்துக்குப் பின்னால் நடந்த கதை. கெட்டியா நடித்த கெவின் ஸ்பேசி மேல் பாலியல் புகார்கள் வந்ததும், ரிலீஸுக்குச் சில வாரம் முன்னாடி அவரை நீக்கி, கிறிஸ்டோபர் பிளம்மரை வைத்துக் காட்சிகளை மறுபடி எடுத்தாங்க. அந்த ரீஷூட்டுக்கு மார்க் வால்பெர்க் வாங்கியது 15 லட்சம் டாலர். அம்மாவா நடித்த மிஷெல் வில்லியம்ஸுக்குக் கிடைத்தது தினப்படி மட்டும், மொத்தம் ஆயிரம் டாலர்கூட இல்லை. ரெண்டு பேருக்கும் ஏஜென்சி ஒண்ணுதான்! 2018 ஜனவரியில் இது வெளியே வந்து சர்ச்சையானதும், வால்பெர்க் அந்தத் தொகையை வில்லியம்ஸ் பெயரில் நன்கொடையாகக் கொடுத்தார்.

வில்லியம்ஸ் நல்ல மனசோடதான் ஒத்துக்கிட்டாங்க, தப்பு அவங்க மேல இல்லை. நம்ம ஆபீஸிலும் “டீமுக்காக இந்த வீக்கெண்ட் மட்டும்” என்று கேட்பாங்க. செய்யுங்க, ஆனா பக்கத்து சீட்காரருக்கு என்ன கிடைக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டுச் செய்யுங்க. ஆஃபர் லெட்டரில் கூடுதல் வேலைக்கு என்ன எழுதியிருக்குன்னு இன்னைக்கே எடுத்துப் பாருங்க.

கடைசியா ஒண்ணு. படத்தில் பேரன் மீட்கப்படும் ராத்திரியே தாத்தா இறந்துடுவார். நிஜத்தில் அவர் 1976 வரை இருந்தார். நன்றி சொல்லப் பேரன் ஃபோன் பண்ணப்போ, எடுத்துப் பேசவே இல்லையாம். பால் 1981ல் பக்கவாதத்தில் விழுந்தார், பார்வையும் பெரும்பாலும் போச்சு. மருத்துவச் செலவுக்காக அப்பா மேலேயே கேஸ் போட வேண்டி வந்தது. 2011ல், 54 வயதில் இறந்தார்.

இந்த வாரம் ஒரு சின்ன ஹோம்வொர்க். ஒரு பேப்பர் எடுங்க. “இன்னைக்கு ராத்திரி 2 மணிக்கு ஃபோன் வந்தா, ஒரு மணி நேரத்தில் என்னால் எவ்வளவு புரட்ட முடியும்?” என்று எழுதி, பக்கத்தில் அந்தத் தொகையைப் போடுங்க. யாருக்காகச் சேர்க்கிறீங்களோ, அவங்க பேரையும் அதே பேப்பரில் எழுதுங்க. தொகை சின்னதா இருந்தா கவலைப்படாதீங்க, அடுத்த சம்பளத்திலிருந்து ஆரம்பிச்சா போதும்.

அடுத்த வீடியோவில் சந்திப்போம்!