சிற்றூரில் என்ன தொழில் எடுபடும்?

கேள்வி: திருவாரூர் மாவட்டச் சிற்றூர்களில் எந்தப் புதிய தொழில்களுக்குத் தேவை இருக்கிறது?

பதில்: முதல் தேவை நெல்லைச் சுற்றியே எழுகிறது. குறுவை அறுவடை மழையில் சிக்கினால், நெல்லின் ஈரப்பதம் கொள்முதல் விதியில் சொல்லப்பட்ட 17 சதவீதத்தைத் தாண்டிவிடும். சாலையோரத்தில் நெல்லைக் கொட்டி, தூறல் விழுந்தால் தார்ப்பாய் போட்டு மூடுவதும், வெயில் வந்தால் விலக்கிக் காலால் கிளறிவிடுவதுமாக நாள்கள் கழிகின்றன. ஆகவே வாடகைக்கு உலர்த்தும் இயந்திரம், நடவு இயந்திரம், அறுவடை இயந்திரத்தைப் பழுதுபார்க்கும் பட்டறை ஆகியவற்றுக்கு வேலை உண்டு.

அடுத்தது மதிப்புக் கூட்டல். நெல் ஜெயராமன் முன்னின்று நடத்திய நெல் திருவிழாவால் திருத்துறைப்பூண்டி வட்டாரம் பாரம்பரிய நெல்லுக்குப் பெயர் பெற்றது. மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார் போன்றவற்றைச் சில மூட்டைகளாகக் கொண்டுவந்தாலும் அரைத்துத் தரும் சிறிய அரவை ஆலை, அவல், புட்டுமாவுத் தயாரிப்பு ஆகியவை இதில் அடங்கும்.

மூன்றாவது, முதியோர் சேவை. பிள்ளைகள் சென்னையிலும் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்க, ஊரில் தனித்திருக்கும் பெற்றோருக்கு வீட்டுக்கே வந்து ரத்த மாதிரி எடுப்பது, இயன்முறைச் சிகிச்சை அளிப்பது, மருத்துவமனைக்குத் துணைபோவது ஆகியவை தேவைப்படுகின்றன.

இம்மாவட்டத்துக்குப் பொருந்தும் 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் ஹைட்ரோகார்பன் எடுத்தல், தோல் பதனிடுதல் போன்றவற்றுக்கே தடை விதிக்கிறது. மேற்சொன்ன தொழில்களுக்கு அல்ல. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் ஊரகத் தொழில்களுக்குத் திட்ட மதிப்பில் 25 முதல் 35 சதவீதம் வரை மானியம் உண்டு. முதலீடு செய்யுமுன் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிப்பது நல்லது.