நம் ஊருக்கு வரும் பனிக்கால விருந்தினர்

பனிக்காலம் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது, படப்புத்தகத்தில் கண்ட ஸ்காட்லாந்து போன்ற நாடுகளின் காட்சியே. வெண்பனி போர்த்த மலைகளும் இலையுதிர்ந்த மரங்களும் அங்கே உண்டு. நிலநடுக்கோட்டிற்குச் சற்றே வடக்கில் அமைந்த சிங்கப்பூரிலோ டிசம்பரில் நாம் காண்பது வடகிழக்குப் பருவமழையே. ஆயினும் பனிக்காலத்திற்கும் நமக்கும் தொடர்பு உண்டு. அஃது எங்ஙனம் என்று காண்போம்.

வடகோடியில் உள்ள சைபீரியாவில் கோடைக்காலத்தில் பூச்சிகள் பெருகும். அப்போது பறவைகள் அங்குக் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும். குளிர் வந்ததும் நிலம் உறைந்து உணவு அற்றுப்போகும். ஆகவே குளிரைவிடப் பசிக்கு அஞ்சியே அவை தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. நாம் கடுங்குளிர் நாடென எண்ணும் ஸ்காட்லாந்தும் சில பறவைகளுக்குப் புகலிடமே. அதற்கும் வடக்கிலுள்ள ஸ்வால்பார்டு தீவுகளின் காட்டு வாத்துகள், குளிர்காலத்தை அங்குள்ள சால்வே கழிமுகத்தில் கழிக்கின்றன.

நம் விருந்தினர் தங்குமிடம் சுங்கை பூலோ. மலாய் மொழியில் 'மூங்கில் ஆறு' என்பது இதன் பொருள். செப்டம்பர் முதல் மார்ச் வரை உப்புக்கொத்தி, பவளக்காலி, பச்சைக்காலி, கோட்டான் முதலிய கரைப்பறவைகளை இங்குக் காணலாம். பவளக்காலியின் கால் சிவப்பு. பச்சைக்காலியின் கால் பெயருக்கேற்ற நிறம். கோட்டானின் அலகு நீண்டு கீழ்நோக்கி வளைந்திருக்கும். சேற்றினுள் மறைந்த நண்டையும் புழுவையும் பற்றி இழுக்க அதுவே கருவி.

கடல் வற்றும்போது பறவைகள் சேற்றுவெளியில் இரை தேடும். நீர் ஏறியதும் அவ்வெளி மூழ்கிவிடும். அப்போது அவை உள்ளே இருக்கும் குளங்களுக்கு வந்து இளைப்பாறும். இவை முன்னாளில் இறால் வளர்த்த குளங்கள். இன்று மதகுகளைத் திறந்தும் மூடியும் பறவைகள் நிற்பதற்கேற்ற அளவில் நீரை வைக்கின்றனர்.

இவ்விடம் தானாகப் பிழைத்ததன்று. 1986இல் பறவை ஆர்வலர் சிலர் இதன் அருமையைக் கண்டு, காக்க வேண்டுமென அரசுக்கு எடுத்துரைத்தனர். 1989இல் 87 ஹெக்டர் நிலம் இயற்கைப் பூங்காவாக ஒதுக்கப்பட்டது. 1993இல் பூங்கா திறக்கப்பட்டது. 2002இல் 130 ஹெக்டராக விரிந்து இயற்கை வனக்காப்பகமாயிற்று. வெறும் சேறுதானே என்று அன்று கைவிட்டிருந்தால், பறந்து களைத்து வரும் பறவைக்கு இறங்க இடமிராது.

சிராங்கூன் சாலையில் தீபாவளி விளக்குகள் ஒளிரும்போது இவ்விருந்தினர் வந்திருப்பர். தைப்பூசக் காவடிகள் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் நாளிலும் இங்கிருப்பர். பங்குனியில் பெரும்பாலோர் விடைபெறுவர். ஆதலால் பெற்றோர்களே, விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். கிராஞ்சி ரயில் நிலையத்திலிருந்து பேருந்து உண்டு. நுழைவுக் கட்டணம் இல்லை. கடல் நீர் ஏறும் நேரத்தை முன்னரே அறிந்து செல்வது நலம். அங்கே உரக்கப் பேசாதீர், கல்லெறியாதீர், உணவு இடாதீர்.

பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நம்மில் பலர். வந்த இடத்தில் ஒருபிடி உணவும் ஒதுங்க நிழலும் கிடைப்பதன் அருமை நம் குடும்பங்கள் அறிந்ததே. விருந்தோம்பல் நம் பண்பு. அதைச் சிறகுடைய விருந்தினருக்கும் காட்டுவோமாக!